திருப்பூர் அலுவலகத்தில் ஒரு ஓப்பன்டபிள்யூஆர்டி கேட்வே: நெட் வரிசையை நம் கைக்குக் கொண்டுவந்த அனுபவம்

ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் முழுசாகக் காட்டும். அதே நிமிடத்தில் வீடியோ காலில் எதிரே பேசுகிறவர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். இரண்டும் ஒரே லைனில் ஒன்றாக நடக்க முடியும் என்பதைப் புரியவைப்பதுதான் இந்த வேலையில் பெரிய பாடு.

நான் பார்த்துக்கொள்வது திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலக நெட்வொர்க். மெர்ச்சண்டைசர்கள், அக்கவுண்ட்ஸ், சாம்பிள் பிரிவு, பேக்கிங், பின்னால் குடோன் என்று நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். நம் மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான் ஐரோப்பாவில் பையர் அலுவலகங்கள் திறக்கும். அங்கிருந்து கால்கள் வரத் தொடங்கும்போதுதான் சாம்பிள் பிரிவிலிருந்து போட்டோக்களும் ஆர்ட்வொர்க் கோப்புகளும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். மாடியிலிருந்து குரல் வரும்: "ஏனுங்க, நெட் மறுபடியும் சுத்துதுங்க!"

நெட் கொடுக்கிறவரிடம் சொன்னால் ஆள் வருவார். லேப்டாப்பை நேராக ஓஎன்டியில், அதாவது ஃபைபர் வந்து முடியும் பெட்டியில், சொருகி ஸ்பீட் டெஸ்ட் போடுவார். "பாருங்க சார், முழு ஸ்பீடு வருது" என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஒரே ஒரு லேப்டாப் இருக்கும்போது எந்த லைனும் நன்றாகத்தான் இருக்கும்.

அவர் அளக்காத ஒன்றை அளந்தபோது விஷயம் பிடிபட்டது. ஒரு கணினியிலிருந்து வெளி சர்வர் ஒன்றுக்குத் தொடர்ந்து பிங் ஓடவிட்டேன்; ஒரு சின்ன பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். லைன் சும்மா இருக்கும்போது 9, 10 மில்லி நொடி. இன்னொரு கணினியிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை ஏற்றத் தொடங்கியதும் 80, 250, 400 என்று ஏறி, 600-ஐத் தொட்டு அங்கேயே நின்றுகொண்டது. ஏற்றுவதை நிறுத்தினால் உடனே மறுபடி 10. பாக்கெட் எதுவும் தொலையவில்லை. எல்லாமே போய்ச் சேர்கின்றன, ஆனால் அரை நொடிக்கு மேல் எங்கோ காத்துக் கிடந்துவிட்டுப் போகின்றன. குரல் அழைப்புக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்பது ஐடியு என்ற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் நெடுநாள் பரிந்துரை. இங்கே அதைப்போல நான்கு மடங்கு. பேச்சு எப்படி ஓடும்?

எங்கே காத்திருக்கின்றன என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். எங்கள் லைனில் டவுன்லோடு 100, அப்லோடு 20 எம்பிபிஎஸ். ஓஎன்டியிலோ அதற்கு அந்தப் பக்கமோ அப்லோடுக்கென்று ஒன்றரை மெகாபைட் பஃபர், அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம், இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிட் கணக்கில் அது 12 மெகாபிட். 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அது காலியாக 0.6 நொடி ஆகும். நான் பார்த்த 600 மில்லி நொடியும் இதுவும் ஒன்றுதான்.

இணையத்தில் தரவை அனுப்பும் விதிமுறையான டிசிபியின் சுபாவம் இதற்குக் காரணம். ஏதாவது ஒரு பாக்கெட் தொலையும் வரை அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், தொலைந்ததும் குறைத்துக்கொள்ளும். 1986-இல் இணையம் நெரிசலில் திணறியபோது, பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்திலிருந்த லாரன்ஸ் ஆய்வகத்துக்கும் இடையில் 32 கேபிபிஎஸ் ஓட வேண்டிய இடத்தில் நொடிக்கு வெறும் 40 பிட் ஓடியதாம். அதற்குப் பிறகு வான் ஜேக்கப்சன் சேர்த்த நெரிசல் கட்டுப்பாடுதான் இன்றுவரை இணையத்தைத் தாங்குகிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு வேலை செய்ய வேண்டுமானால் பாக்கெட் சரியான நேரத்தில் தொலைய வேண்டும். நினைவகம் மலிவானதும் கருவி செய்கிறவர்கள் பஃபரைப் பெரிதாக்கினார்கள். பாக்கெட் தொலைவதே இல்லை. அனுப்புகிறவருக்கு நெரிசல் தெரிவதே இல்லை. அவர் பஃபரை நிரப்பிக்கொண்டே இருக்கிறார். யூனிக்ஸ் கணினிகளின் திரை அமைப்பான எக்ஸ் விண்டோவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பிலேயே இதைத் துருவிப் பார்த்து, 2010-ஐ ஒட்டி இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார்.

அப்லோடு நிரம்பினால் டவுன்லோடு ஏன் படுத்துவிடுகிறது என்று பலர் கேட்பார்கள். கீழே வரும் ஒவ்வொரு இரண்டு பாக்கெட்டுக்கும் சுமாராக ஒரு ஒப்புகை, அதாவது 'வந்து சேர்ந்தது' என்ற பதில், மேலே போக வேண்டும். 100 எம்பிபிஎஸ் டவுன்லோடு என்றால் நொடிக்கு 8,300 பாக்கெட் வருகின்றன. நாலாயிரத்துச் சொச்சம் ஒப்புகைகள் மேலே போகின்றன. அவற்றுக்கே ஏறத்தாழ 2 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும். அந்த ஒப்புகைகளும் 600 மில்லி நொடி வரிசையில் நின்றால் டவுன்லோடும் தள்ளாடத்தானே செய்யும். அதனால் யார் வந்து "நெட் மெதுவாக இருக்கிறது" என்றாலும் நான் முதலில் பார்ப்பது அப்லோடைத்தான்.

சரி, கேட்வேக்கு, அதாவது அலுவலக நெட்வொர்க்குக்கும் ஓஎன்டிக்கும் நடுவே நிற்கும் பெட்டிக்கு வருவோம். நான் வருவதற்கு முன்பே அங்கே ஒரு லினக்ஸ் பெட்டி இருந்தது. அதில் முன்னவர் எழுதிய ஒரு நீண்ட ஸ்கிரிப்ட். லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் டிராஃபிக் கன்ட்ரோல் வசதியை, அதாவது டிசியை, எச்டிபி என்ற முறையில் பயன்படுத்தியிருந்தார். எச்டிபி பழைய, நம்பகமான முறை. மொத்த வேகத்தை வகுப்புகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் உறுதியான ஒரு வேகமும், மற்றவர்கள் பயன்படுத்தாதபோது கடன் வாங்கிக்கொள்ள ஓர் உச்ச வரம்பும் கொடுக்கலாம். எந்த பாக்கெட் எந்த வகுப்புக்கு என்பதை போர்ட் எண்ணை, அதாவது அது எந்தச் சேவைக்கானது என்று காட்டும் எண்ணை, வைத்துப் பிரித்திருந்தார்: இணையப் பக்கத்துக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, எஃப்டிபிக்கு ஒன்று.

அது எழுதப்பட்ட காலத்தில் நன்றாகத்தான் ஓடியிருக்கும். இன்றைக்கு மெயில், டிரைவ், யூடியூப், ஈஆர்பி, விண்டோஸ் அப்டேட் எல்லாமே பெரும்பாலும் 443 என்ற ஒரே போர்ட்டில்தான் போகின்றன. போர்ட்டைப் பார்த்து ஆளைப் பிரிக்கும் வேலை செத்துவிட்டது. மிச்சமிருந்த வகுப்புகள் எல்லாம் காலி, ஒரே வகுப்பில் எல்லோரும்.

அதே ஸ்கிரிப்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. எச்டிபியில் குழந்தை வகுப்புகளின் உறுதி வேகங்களைக் கூட்டினால் தாய் வகுப்பின் வேகத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் குழந்தைகள் தங்கள் உறுதி வேகத்துக்குள் இருக்கும்வரை தாயைக் கேட்காமலேயே அனுப்பிவிடும். மேலே போட்ட வரம்புக்கு அர்த்தமே இல்லாமல் போகும். காலப்போக்கில் ஒவ்வொரு வகுப்பாகச் சேர்த்துச் சேர்த்து அங்கே அப்படித்தான் ஆகியிருந்தது. எச்டிபியில் கை வைக்கிறவர்கள் முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க வேண்டும். பல இடங்களில் "டிராஃபிக் கன்ட்ரோல் போட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்பதன் பின்னால் இருப்பது இதுதான்.

அந்த ஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டிருக்காமல், இரண்டு லேன் போர்ட் உள்ள ஒரு சின்ன மினி பிசியில் ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டியைப் போட்டு, வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவினேன். உள்ளே வேலை செய்வது கேக் என்ற வரிசை முறை. 2018-இல் வந்த லினக்ஸ் 4.19 கெர்னலிலிருந்து இது கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. கேட்வேயில் ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் என்ற மென்பொருள்களை வைத்திருப்பவர்களுக்கு கேக் கிடையாது; ஆனால் அவற்றிலும் லிமிட்டர் என்ற வேக வரம்பு வசதி வழியாக எஃப்க்யூ-கோடெல் என்ற வரிசை முறையைப் போடலாம், முக்கால்வாசிப் பலன் அதிலேயே வந்துவிடும்.

கோடெல் என்பது கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட யோசனை. வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லி நொடி நேரம் முழுக்க எந்த பாக்கெட்டும் 5 மில்லி நொடிக்குக் குறைவாக நிற்கவில்லை என்றால், ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போடும். டிசிபிக்கு அந்த ஒரு சைகை போதும். அதே ஆண்டு எரிக் டுமாசெட் இதோடு நியாய வரிசையைச் சேர்த்து எஃப்க்யூ-கோடெல் ஆக்கி லினக்ஸ் 3.5-இல் சேர்த்தார். ரேஷன் கடையில் ஒருவர் தெருவுக்கே சேர்த்து இருபது கார்டுகளோடு முன்னால் நின்றால் பின்னால் ஒரே கார்டோடு நிற்கும் பாட்டியின் கதி என்ன? ஆளுக்கு ஒரு கார்டு, பிறகு அடுத்த ஆள் என்று சுற்றி வந்தால் பாட்டி உடனே போய்விடுவார். நியாய வரிசை செய்வது இவ்வளவுதான். குரல் அழைப்புதான் அந்தப் பாட்டி: நொடிக்கு 50 சின்ன பாக்கெட், அதற்கு மேல் அதற்கு எதுவும் வேண்டாம்.

இந்தக் கூட்டத்தை எல்லாம் ஒன்றாக இழுத்துப் பிடித்து, மலிவான வீட்டு ரவுட்டர் வரைக்கும் கொண்டுவந்தவர்களில் டேவ் டாட் முக்கியமானவர். 2025 ஏப்ரலில் காலமானார். இன்று நம் வீட்டு ரவுட்டரில் கால் கட்டாகாமல் ஓடினால் அதில் அவருக்கும் பங்கு உண்டு. அவர் பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இவ்வளவும் வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது, நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். வரிசை நம் பெட்டியில் உருவாக வேண்டும். நம் கேட்வேக்கும் ஓஎன்டிக்கும் இடையே இருப்பது ஜிகாபிட் கேபிள். கேட்வே பாக்கெட்டுகளை ஜிகாபிட் வேகத்தில் தள்ளிவிடும். அவை 20 எம்பிபிஎஸ் வாசலில் போய், அதாவது ஓஎன்டியின் முட்டாள் பஃபரில் போய்த் தேங்கும். நம் பெட்டியில் எவ்வளவு அருமையான வரிசை முறை இருந்தாலும் அதில் எதுவும் தேங்காதபோது அதற்கு என்ன வேலை? அதனால் நாமே லைனின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வரம்பு போட்டு, இடுக்கமான இடத்தை நம் பெட்டிக்குள் கொண்டுவர வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் பத்துப் பங்கில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கச் சொன்னால் முதலாளிமார் முகம் சுளிப்பார்கள். எங்கள் முதலாளியும் சுளித்தார். பிங்கைத் திரையில் ஓடவிட்டுக் காட்டியதும் சரி என்றார்.

எண்ணைக் கண்டுபிடிக்கும் விதம்: எஸ்க்யூஎம்மை அணைத்துவிட்டு, காலை, மதியம், இரவு என்று வெவ்வேறு நேரங்களில் லைன் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பில்லில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். கிடைத்ததில் குறைந்த அளவை எடுத்து அதில் 85 சதவீதத்தில் தொடங்குங்கள். முதலில் அப்லோடை மட்டும் நிரப்பிப் பிங்கைப் பாருங்கள். பிங் அசையாமல் இருந்தால் வரம்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். எந்த இடத்தில் பிங் துள்ளத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். அப்புறம் அதே மாதிரி டவுன்லோடு. எங்களுக்கு அப்லோடு 18, டவுன்லோடு 86 என்று வந்து நின்றது. லைன் முழுசாக நிரம்பியிருக்கும்போதும் பிங் இப்போது 12, 15-ஐத் தாண்டுவதில்லை.

டவுன்லோடுக்கு ஏன் அதிகம் விட வேண்டியிருக்கிறது என்றால், அங்கே நாம் வாசலின் தவறான பக்கத்தில் நிற்கிறோம். பாக்கெட்டுகள் இடுக்கமான இடத்தைத் தாண்டி வந்த பிறகுதான் நம் கைக்குக் கிடைக்கின்றன. லினக்ஸில் உள்ளே வரும் பாக்கெட்டுகளை நேரடியாக வரிசையில் நிறுத்தவும் முடியாது; ஐஎஃப்பி என்ற போலி இன்டர்ஃபேஸுக்குத் திருப்பிவிட்டு அங்கே நிறுத்த வேண்டும், எஸ்க்யூஎம் அதைத் தானே செய்துகொள்ளும். வந்து சேர்ந்த பாக்கெட்டைத் தூக்கிப் போடுவது வீண் மாதிரி தெரியும். ஆனால் அதைப் பார்த்து அந்தப் பக்கத்து சர்வர் வேகத்தைக் குறைக்கிறது, அதுதான் நமக்கு வேண்டும். சர்வர் கேட்காவிட்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து இழுக்கும் அப்டேட்கள் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் பிங் கொஞ்சம் துள்ளும். அதற்காகத்தான் அந்தக் கூடுதல் இடைவெளி.

அமைக்கும்போது கவனிக்க வேண்டிய சில இடங்கள் உண்டு. எங்கள் லைன் பிபிபிஓஇ, அதாவது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் வகை. எஸ்க்யூஎம்மை பிபிபிஓஇ இன்டர்ஃபேஸில் போட வேண்டும், அதன் அடியில் இருக்கும் ஈதர்நெட்டில் போட்டால் ஒவ்வொரு பாக்கெட்டும் பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும், உள்ளே யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்பதைப் பிரிப்பது சிக்கல். அடுத்தது ஓவர்ஹெட். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் லைனில் எத்தனை பைட் கூடுதலாக ஏறுகிறது என்று கேக்குக்குச் சொல்ல வேண்டும். 44 என்று போட்டால் பெரும்பாலான ஃபைபர் லைன்களுக்குப் பாதுகாப்பானது. 1500 பைட் பாக்கெட்டில் 44 என்பது 3 சதவீதம்தான், யாருக்கும் தெரியாது. 200 பைட் குரல் பாக்கெட்டில் அது 20 சதவீதத்துக்கு மேல். இதை விட்டுவிட்டால் கோப்பு ஏற்றும்போது எல்லாம் சரியாக இருக்கும், பத்துப் பேர் ஒன்றாகக் காலில் இருக்கும்போது மட்டும் காரணம் தெரியாமல் தாமதம் வரும்.

மூன்றாவது, ஆளுக்கு ஆள் நியாயம். எஃப்க்யூ-கோடெல் இணைப்புக்கு இணைப்பு நியாயம் பார்க்கும். அதனால் முப்பது இணைப்பு திறக்கும் டவுன்லோடு மேனேஜர் முப்பது பங்கு வாங்கிக்கொள்ளும். கேக்கில் முதலில் கணினிக்குக் கணினி பிரித்து, அதற்குள் இணைப்புக்கு இணைப்பு பிரிக்கலாம். எஸ்க்யூஎம் பக்கத்தில் மேம்பட்ட அமைப்பு, அதற்குள் ஆபத்தான அமைப்பு என்று பயமுறுத்தும் பெட்டிகளை டிக் செய்தால்தான் இதற்கான இடம் தெரியும். அப்லோடு பக்கத்துக்கு நாட், டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட் என்ற சொற்கள். டவுன்லோடு பக்கத்துக்கு நாட், டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட், இன்கிரெஸ். நாட் என்ற சொல் இல்லாவிட்டால் வெளி இன்டர்ஃபேஸில் எல்லோரும் ஒரே பொது முகவரியாகத் தெரிவார்கள், பிரிக்க ஆளே இருக்காது. ஒப்புகைகளை வடிகட்டும் இன்னொரு வசதியும் கேக்கில் உண்டு. 100-க்கு 20 என்ற எங்கள் விகிதத்துக்கு அது தேவைப்படவில்லை, டவுன்லோடு அப்லோடைப்போலப் பதினைந்து இருபது மடங்கு இருக்கும் லைன்களுக்குத்தான் அது.

இந்த ஒரு மாற்றம்தான் அலுவலகத்தில் சண்டையை நிறுத்தியது என்பேன். இதற்கு முன்னால் "சாம்பிள் செக்ஷனுக்கு வேகத்தைக் கட் பண்ணுங்க", "யூடியூபை பிளாக் பண்ணுங்க" என்று ஆளாளுக்கு ஒரு மனு. முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, "தம்பி, என்ற போனுக்கு மட்டும் தனியா வேகம் ஒதுக்க முடியுங்களா?" என்று கேட்டார். ஆறு பேர் ஒரே நேரத்தில் ஏற்றினால் ஆளுக்கு 3 எம்பிபிஎஸ், நீங்கள் மட்டும் ஏற்றினால் 18-உம் உங்களுக்கே என்று சொன்னேன். ஆளுக்கு இத்தனை என்று நிரந்தரமாக வரம்பு போடுவது எனக்குப் பிடிக்காத காரியம். யாருமே இல்லாத சாயந்திரத்தில் கடைசியாகக் கோப்பு ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போக நினைக்கிறவரை அது காரணமில்லாமல் உட்காரவைக்கும்.

குரலுக்கும் வீடியோவுக்கும் தனி முன்னுரிமை கொடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். கேக்கில் அதற்கும் வசதி உண்டு. பாக்கெட்டின் டிஎஸ்சிபி என்ற முன்னுரிமைக் குறியைப் பார்த்து மூன்று நான்கு தட்டுகளாகப் பிரிக்கும். எஸ்க்யூஎம்மில் அதற்கு லேயர் கேக் என்று பெயர், தட்டே இல்லாத எளிய வடிவம் பீஸ் ஆஃப் கேக். டீம்ஸ் 3478 முதல் 3481 வரையிலான யுடிபி போர்ட்களையும், ஜூம் 8801 முதல் 8810 வரையும் பயன்படுத்துவதால் கேட்வேயிலேயே குறி போடலாம். அப்லோடில் அது பலிக்கும். டவுன்லோடில் பலிக்காது: பாக்கெட் ஐஎஃப்பிக்குத் திரும்புவது ஃபயர்வால் விதிகள் அதைப் பார்ப்பதற்கு முன்னால். அதற்கும் சுற்றுவழி இருக்கிறது, ஆனால் நாளைக்கு எனக்குப் பின்னால் வருகிறவர் அதைப் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்வார். பீஸ் ஆஃப் கேக்கோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு வீடியோ கால் தன் பங்குக்குள் இருக்கும்வரை அதற்கு முன்னுரிமை தேவைப்படுவதில்லை.

இனி சிபியு. வரம்பு போட்டு வரிசைப்படுத்துவது முழுக்க மென்பொருள் வேலை. கடையில் வாங்கும் பல ரவுட்டர்கள் ஜிகாபிட் ஓடுகின்றன என்றால் அது சிப்பில் இருக்கும் ஹார்டுவேர் ஆஃப்லோடால். பாக்கெட் லினக்ஸின் வரிசைக்கே வராமல் சிப் வழியாக நழுவிப் போய்விடும். அதை அணைக்காமல் எஸ்க்யூஎம் போட்டால் போட்டதும் போடாததும் ஒன்று. அணைத்தால் சிப்பின் உண்மையான பலம் தெரியும். மிப்ஸ் வகை சிப் உள்ள விலை குறைந்த ரவுட்டரில் 100-ஐத் தாண்டி 200-ஐ நெருங்கும்போதே மூச்சு வாங்கும். டாப் கட்டளையில் சாஃப்ட்-ஐஆர்க்யூ பங்கு, அதாவது பாக்கெட் வேலைக்குக் கெர்னல் செலவிடும் நேரம், ஒரு கோரை முழுசாகத் தின்கிறதா என்று பாருங்கள். கோர்கள் நான்கு இருந்தாலும் ஒரு வரிசையின் வேலை ஒரு கோரில்தான் நடக்கும் என்பதால், சராசரி 25 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எங்கள் மினி பிசிக்கு 100 எம்பிபிஎஸ் ஒரு பொருட்டே இல்லை. வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை, இன்றைய லைன் வேகத்துக்கு வாங்காமல் அதைப்போல மூன்று மடங்குக்கு வாங்குங்கள்.

போட்ட பிறகும் ஒரு மூலையிலிருந்து புகார் தொடர்ந்தது. பேக்கிங் பக்கம், வைஃபையில் இருப்பவர்கள். வெளி சர்வருக்குப் பதிலாக அங்கிருந்து கேட்வேக்கே பிங் அடித்துப் பார்த்தபோது 200, 300 என்று வந்தது. பாக்கெட் கட்டடத்தை விட்டு வெளியே போகும் முன்பே தாமதம்! எஸ்க்யூஎம் கேட்வே வாசலில் உட்கார்ந்திருக்கிறது; ஆக்சஸ் பாயின்ட்டுக்குள் இருக்கும் வரிசையை அது தொடாது. தகரக் கூரைக்கு அந்தப் பக்கம் சிக்னல் மெலிந்து, இரண்டு போன்கள் மிக மெதுவான வேகத்தில் பேசி மொத்த நேரத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தன. அங்கே இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் கேபிள் இழுத்துப் போட்டதும் சரியாயிற்று. எந்தப் புகார் வந்தாலும் முதலில் கேட்வேக்குப் பிங், அடுத்தது வெளியே பிங். இந்த இரண்டு எண்களும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிவிடும்.

மூலத்திலேயே குறைக்க முடிந்ததைக் குறைப்பதும் டிராஃபிக் கன்ட்ரோல்தான். சிசிடிவி ரெக்கார்டரை முதலாளி வீட்டிலிருந்து போனில் பார்ப்பார். எட்டு கேமராவும் முழுத் தரத்தில் ஓடினால் அப்லோடில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். வெளியிலிருந்து பார்க்கும்போது தரம் குறைந்த சப்-ஸ்ட்ரீம் மட்டும் என்று ரெக்கார்டரில் மாற்றினோம். போன் திரையில் வித்தியாசம் தெரியவில்லை. அக்கவுண்ட்ஸின் கிளவுட் பேக்கப் இரவுக்குப் போனது. விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷனில் அப்டேட்டை இணையத்தில் மற்றவர்களுக்குப் பகிரும் பகுதியை அணைத்து, உள் நெட்வொர்க்குக்குள் மட்டும் பகிரும்படி விட்டோம்.

டிசியின் புள்ளிவிவரத்தை எப்போதாவது எட்டிப் பாருங்கள். டிராப், அதாவது தூக்கிப் போட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருப்பதைப் பார்த்து பயந்துபோய் எஸ்க்யூஎம்மை அணைத்த ஒரு நண்பரை எனக்குத் தெரியும். அந்த டிராப்தான் மருந்து. பார்க்க வேண்டியது சராசரித் தாமதமும் உச்சத் தாமதமும். அவை சில மில்லி நொடிகளில் இருந்தால் கையை வைக்க வேண்டாம்.

நெட் பிளானை மாற்றும்போது இந்த வரம்பை மாற்ற மறந்துவிடுவது எங்கும் நடப்பதுதான். அதே நண்பரின் அலுவலகத்தில் பிளானை 50-லிருந்து 200-க்கு உயர்த்திவிட்டு, வேகம் வரவில்லை என்று நெட் கொடுப்பவரோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கேட்வேயில் பழைய 45 அப்படியே உட்கார்ந்திருந்தது. எங்கள் பெட்டியின் மேலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்: பிளான் மாறினால் எஸ்க்யூஎம் எண்ணை மாற்றவும்.

ஃபைபர் அறுந்தால் 4ஜி டாங்கிளுக்கு மாறும்படி எம்வேன்3 தொகுப்பு போட்டிருக்கிறது. சாலை தோண்டும் ஊரில் அது இல்லாமல் முடியாது. எஸ்க்யூஎம் இன்டர்ஃபேஸுக்கு ஒன்று என்பதால் அந்த டாங்கிளுக்கும் தனியாக ஒன்று போட வேண்டும். சிக்கல், 4ஜியில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். 30 வந்த இடத்தில் அடுத்த நிமிடம் 6. நிலையான வரம்பு எதுவும் அங்கே ஒத்துவராது. கேக்-ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் இதற்கென்றே இருக்கிறது: வெளியே பல இடங்களுக்குப் பிங் அனுப்பிக்கொண்டே இருந்து, தாமதம் ஏறினால் வரம்பை இறக்கும், லைன் தெளிந்தால் ஏற்றும். ஃபைபர் அளவுக்கு வழவழப்பாக இருக்காது, ஆனால் கால் நிற்காமல் ஓடும். அந்தப் பிங்குகளும் சிம் டேட்டாவைத்தான் தின்னும் என்பதால், எம்வேன்3 லைனை மாற்றும்போது மட்டும் ஆட்டோரேட் எழுந்துகொள்ளவும், ஃபைபர் திரும்பியதும் நிற்கவும் ஒரு சின்ன ஹூக் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன்.